சைலன்சரில் சிறுவாணி

கோயமுத்தூர் கணபதியில், பட்டறைகளும் வீடுகளும் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்திருக்கிற ஒரு சந்தில், குமுதவல்லி ட்யூனிங் செய்துகொண்டிருந்த வெள்ளைக் காரின் சைலன்சரிலிருந்து ஒரு பங்குனிக் காலையில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அதை முதலில் பார்த்தவள் எதிர்வாசலில் மெஸ் நடத்துகிற ருக்மணி. அவள் வாயைப் பிளக்கவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவந்து கீழே வைத்தாள். குழாயில் தண்ணீர் வந்து எத்தனை நாள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிற தெருவில், இது எங்கேயிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு நிற்கிறவளுக்குக் குடம் நிறையுமா?

"அம்மணி, எஞ்சினை நிறுத்திப்போடாதே! இன்னொரு கொடம் எடுத்துட்டு வந்தர்றேன்" என்றாள்.

குமுதவல்லி மடியில் லேப்டாப்போடு கார் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் தண்ணீரில் இல்லை, மீட்டரில் இருந்தது. அன்றைக்குத்தான் அந்தக் காருக்கு முதல்முதலாக வைட்பேண்ட் சென்சார் மாட்டியிருந்தாள். அதுவரை அதிலிருந்தது பழைய சென்சார், அப்படி ஒரு மாமியாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: பெட்ரோல் எச்சு, பெட்ரோல் கம்மி, இந்த இரண்டைத் தவிர மூன்றாவது சொல் அதன் வாயில் வராது, எவ்வளவு எச்சு, எவ்வளவு கம்மி என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வைட்பேண்ட் அப்படியல்ல, புகைக்குழாய்க்குள் தலையை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, அரைச் சிட்டிகை எச்சு, கால் சிட்டிகை கம்மி என்று நுணுக்கமாகச் சொல்லும். காற்றும் பெட்ரோலும் ஒன்றுக்கொன்று மிச்சம் வைக்காமல் எரிந்தால் மீட்டரில் 1.00 என்று நிற்கும். அப்படி நின்றால் எந்த எஞ்சினும் கொஞ்சம் தண்ணீர் கக்கும், விடியற்காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த எஞ்சின் கொஞ்சத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது குடம் பாதி நிறைந்தபோது சென்சார் படீரென்று வெடித்து, மீட்டர் அணைந்து, தண்ணீரும் நின்றது. தப்பு யாருடையது என்று தேட வேண்டியதே இல்லை. குமுதவல்லியின் புருஷன் வெள்ளிங்கிரி வெல்டிங்கில் கெட்டிக்காரன், ஆனால் சோம்பலில் அதைவிடக் கெட்டிக்காரன். காருக்கடியில் படுத்த வாக்கில் கை எட்டிய இடத்திலேயே, குழாயின் வயிற்றுப் பக்கம், சென்சாருக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தான். சூடேறிய சென்சார்மேல் சொட்டுத் தண்ணீர் பட்டால் போச்சு, அதனால்தான் குழாயின் தோள்பக்கமாக, சாய்வாக மாட்ட வேண்டும் என்று பட்டறைக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும்.

"ஏனுங் மாமா, மேல்பக்கம் வெல்டு வெச்சா உங்க கைக்கு வலிக்குதுங்களா?"

"சைலன்சருக்குள்ள ஆறு ஓடும்னு நான் ஜோசியமா பார்த்தேன் அம்மணி?" என்றான் வெள்ளிங்கிரி. சொல்லிவிட்டுச் சிரித்தான். ருக்மணி சிரிக்கவில்லை. பாதிக் குடத்தைக் காட்டி, "சிரிக்கறதப் பாரு, போய் மேல ஓட்டை போடு" என்று விரட்டினாள். அன்று பொழுதோடு குழாயின் தோளில் புதிய ஓட்டை வந்தது, குமுதவல்லி கையிருப்பில் வைத்திருந்த இன்னொரு சென்சார் அதில் ஏறியது, மீட்டர் தட்டுத் தடுமாறி ஒன்றில் வந்து நின்றது, தண்ணீர் கொட்டியது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், இந்தத் தண்ணீர் புளிக்கவில்லை, பழக்கம் மட்டும் ஆகிவிட்டது. முதல் குடங்கள் சூடாக வருவதால் அவை கைக்குழந்தை வைத்திருக்கிற வீட்டுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் என்றும், அப்புறம் வருவது குடிக்க என்றும், கடைசியில் வருவது துணிக்கு என்றும் தெரு தானாகவே பிரித்துக்கொண்டது. குடத்தோடு வருகிறவர்கள் ஒரு டம்ளர் பெட்ரோலும் கொண்டுவர வேண்டும் என்று ருக்மணி சட்டம் போட்டாள், அதனால் காலையில் பால் வாங்கப் போகிற பெண்கள் ஒரு கையில் பால் சொம்பும் இன்னொரு கையில் பெட்ரோல் பாட்டிலுமாகத் திரும்பினார்கள். ஆற வைத்துக் குடித்தால் அசல் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரின் ருசி. சிறுவாணி என்றால் கோயமுத்தூர்க்காரன் பொய் சொல்லமாட்டான், மற்ற விஷயங்களில் எப்படியோ! போர்வெல் உப்புத்தண்ணீரில் வேகாமல் வீம்பு பிடித்துக்கொண்டிருந்த ருக்மணியின் துவரம்பருப்பு இந்தத் தண்ணீரைக் கண்டதும் வெண்ணெயாகக் குழைந்தது, அவள் மெஸ்ஸுக்கு அவிநாசியிலிருந்தெல்லாம் ஆட்கள் சாம்பாருக்காக வந்தார்கள்.

சைலன்சருக்கு மஞ்சள் பூசிப் பார்த்தார்கள், சூட்டில் கருகிவிட்டது, சந்தனம் நின்றது. குடிநீர் இணைப்புகளைக் கணக்கெடுக்க ஓர் ஆள் வந்தார், இரண்டு டம்ளர் குடித்தார், மீசையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மீட்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டார். குமுதவல்லி காருக்குள் இருந்த மீட்டரைக் காட்டினாள். "ஒண்ணு" என்று படித்தார், ஒன்று என்று எழுதிக்கொண்டார், அடுத்த வாரமும் வந்தார், அப்போதும் ஒன்றுதான் இருந்தது, "சிக்கனமா இருக்கறீங்க" என்று பாராட்டிவிட்டு ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு போனார். ட்யூனிங் பாஷை அடுப்படிக்குள் நுழைந்தது. பெட்ரோல் எச்சானால் ரிச், கம்மியானால் லீன் என்று தெருவில் இருக்கிற வாண்டுக்கும் தெரிந்துவிட்டது. "எங்க மாமியா இன்னைக்கு ரொம்ப ரிச்சு, பக்கத்துல போயிராதே" என்று ஒருத்தி சொன்னால், "எங்க ஊட்டுக்காரர் சம்பளத் தேதிக்கு முந்தி எப்பவுமே லீனுதான்" என்று மற்றவள் சொன்னாள்.

இதிலெல்லாம் சந்தோஷப்படாதவள் ஒருத்தி உண்டென்றால் அது குமுதவல்லிதான். சந்தோஷப்படாதவள் என்று சொன்னால் பாவம், ஒவ்வொரு குடம் நிறையும்போதும் அவளுக்கும் மனசு நிறைந்தது. ஆனால் அந்தக் கார் தண்ணீர் வண்டி அல்ல, பந்தயக் கார். சொந்தக்காரி நஸ்ரின் உக்கடத்தில் பல் டாக்டர், வாரம் முழுக்க அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தன் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தயம் ஓட்டுகிறவள். வருஷக்கணக்காகக் குமுதவல்லி ட்யூன் செய்த கார்கள் இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தன, பீளமேட்டில் பெரிய பட்டறை வைத்திருக்கிற ஜெயசிம்மனின் கார்கள் முதலாவதாகவே வந்துகொண்டிருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முதலில் வந்துவிட்டால் போதும் என்று அவளுக்கு அத்தனை ஆசை. கோயிலில் கண்ணை மூடினால் சாமி முகம் வராது, பந்தய முடிவில் ஆட்டுகிற கட்டம்போட்ட கொடிதான் வரும். சித்திரையில் பந்தயம். இந்த வைட்பேண்டை வாங்கியதே அதற்காகத்தான்.

வேகம் வேண்டுமென்றால் எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊட்ட வேண்டும். ஊட்டினால் மீட்டர் ஒன்றுக்குக் கீழே இறங்கும், தண்ணீர் நின்றுவிடும். ஒன்றில் நிறுத்தினால் தண்ணீர் வரும், கார் கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில்தான் போகும். பெட்ரோலைக் கூட்டிக் கரி பிடித்த எஞ்சின் திரும்பவும் ஒன்றில் நிற்குமா, நின்றாலும் தண்ணீர் தருமா என்பது யாருக்கும் தெரியாது. பந்தய வாரத்தில், தண்ணீர் தெறித்துத் தெறித்துத் தேய்ந்துபோன சென்சார் கண்டபடி உளறத் தொடங்கியது. புதியது வாங்கியே ஆகவேண்டும்.

நஞ்சப்பா ரோட்டில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் ஹனீபா பாய் கண்ணாடி மேசைமேல் இரண்டு டப்பாக்களை வைத்தார்.

"இது வேகமான சாமான் தங்கச்சி. நீ ஆக்சிலேட்டர மிதிச்சுட்டுக் கால எடுக்கறதுக்குள்ள பதில் சொல்லிரும். ரேஸுக்குன்னே பண்ணது, ஆனா தண்ணி பட்டா உசுரு போயிரும். இது தடிச்ச ஓடு. மழையில நின்னாலும் அசையாது, ஆனா யோசிச்சு நிதானமாத்தான் பேசும். கியர் மாத்தி மாத்தி ஓட்டற எடத்துல இத நம்பி ட்யூன் பண்ண முடியாது."

"ரெண்டையும் மாட்ட முடியாதுங்களா பாய்?"

"உன் கன்ட்ரோல் பெட்டி ஒரு சென்சார் பேச்சத்தான் கேக்கும். தெரிஞ்சுக்கிட்டே கேக்கறியே!"

குமுதவல்லி யோசித்துச் சொல்வதாகத் திரும்பி வந்தாள். தெருவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் வாயில் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கையில் ருக்மணியே நாலு பெண்களோடு பட்டறைக்குள் வந்தாள்.

"கண்ணு, நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறேன்னு எங்களுக்குத் தெரியாதா? இது வாரதுக்கு முன்னாடி நாங்க என்ன தாகத்துலயா செத்தோம்? லாரித் தண்ணிக்கு நிக்கறோம். நீ போய் ஜெயிச்சுட்டு வா."

குமுதவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுத கண்ணோடேயே போய் வேகமான சென்சாரை வாங்கிவந்தாள், மாட்டினாள், பெட்ரோலைக் கூட்டினாள். மீட்டர் இறங்கியது, தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. எஞ்சின் உறுமிய உறுமலில் ஓட்டுக்கூரைமேல் படுத்திருந்த பூனை இடம் மாறியது. வெள்ளிங்கிரி, "ஜெயசிம்மன் செத்தான்!" என்று கத்தினான். அது முதலிடத்துச் சத்தம்தான், குமுதவல்லியின் காது அதை அறியும்.

மறுநாள் மத்தியானம் அவள் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோது குக்கர் விசில் அடித்தது. மறுபடி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. உப்புத்தண்ணீரில் பருப்பு வேக மறுக்க, ருக்மணி எண்ணிக்கையை விட்டுவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சாம்பாரை ஊற்றி, "வெந்திருக்குதா கண்ணு?" என்று கேட்டாள். பருப்பு பல்லில் கல்லாகக் கடிபட்டது.

"பூவாட்ட வெந்திருக்குதுங்க்கா" என்றாள் குமுதவல்லி.

"பொய் சொல்லாதே. ஆனா நல்லாத்தான் பொய் சொல்றே" என்று ருக்மணி சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள். ஒரு முணுமுணுப்பு இருந்திருந்தால், ஒரு குத்தல் பேச்சு இருந்திருந்தால், குமுதவல்லி வீம்புக்காவது பந்தயத்துக்குப் போயிருப்பாள். அந்தச் சிரிப்புதான் அவளால் தாங்க முடியவில்லை. கையைக் கழுவினாள், சென்சாரைக் கழற்றினாள், துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"டப்பா பிரிச்ச எலெக்ட்ரிக்கல் சாமான் ரிட்டன் எடுக்கறதில்ல, பலகையில எழுதிப் போட்டிருக்குது" என்றார் ஹனீபா பாய்.

"தெரியுங்க பாய்."

"எங்க வாப்பா காலத்துல இருந்து அந்தப் பலகை தொங்குது."

"தெரியுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிப் பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார். தடித்த ஓட்டுச் சென்சாரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒரு கேன் தண்ணி அனுப்பு. எங்க ஊட்டுல டீ நல்லாவே இல்ல" என்றார்.

அன்று மாலை தெரு முழுக்கக் குடத்தோடு நின்றது. எஞ்சின் முதலில் கரியைத் துப்பியது. இருமியது. மறுபடி கரி. குமுதவல்லி மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேகமும் போய், தண்ணீரும் போய், ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் என்று ஆகிவிட்டதே என்று நினைத்தாள். புது சென்சார் அவசரப்படவில்லை. யோசித்து யோசித்து ஒவ்வொரு புள்ளியாக மேலே ஏறி, ஒன்றைத் தொட்டு, தாண்டி, திரும்பி வந்து, ஒன்றில் உட்கார்ந்தது. கறுப்பாக ஒரு கொப்புளம் வந்தது, பிறகு சாம்பல் நிறத்தில், பிறகு கண்ணாடியாக. ருக்மணி விட்ட குலவையில் அடுத்த தெரு நாய்கள் எல்லாம் பதில் சொல்லின.

"பந்தயத்துக்குப் போகலீங்களாக்கா?" என்று நஸ்ரின் போனில் கேட்டாள்.

"போலாம் கண்ணு, பேரு குடுத்தாச்சு. ஆனா தண்ணிய நிறுத்தறதாயில்ல, இனி இந்த விஷப்பரீட்சை வேண்டாம். கடைசியாத்தான் வருவோம். உனக்குப் பரவால்லையா?"

"என் க்ளினிக்குக்கும் ரெண்டு கொடம் புடிச்சு வைங்க" என்றாள் நஸ்ரின்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் தெற்கே பந்தயத் தடத்தில் வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. தெருவே ஒரு டெம்போவில் ஏறி வந்திருந்தது, பழக்கதோஷம், குடங்களையும் கொண்டுவந்திருந்தார்கள். சோதனை செய்கிற அதிகாரி சைலன்சரைப் பார்த்தார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆயில் சிந்தக்கூடாது, பெட்ரோல் சிந்தக்கூடாது, தண்ணியப் பத்தி ஒண்ணும் போடலீங்களே" என்று விட்டுவிட்டார். சீட்டுக் குலுக்கிப்போட்டதில் நஸ்ரினுக்கு முன்வரிசை விழுந்தது. குமுதவல்லி வேலியோரம் போய் நின்றுகொண்டாள். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போவதை எல்லாரும் பார்க்கப்போகிறார்களே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கொடி அசைந்தது. வெள்ளைக் கார் கிளம்பியது, சைலன்சரிலிருந்து புறப்பட்ட தண்ணீர் காற்றில் சிதறிச் சாரலாகிப் பின்னால் வந்த கார்கள்மேல் விழுந்தது. சூட்டில் தார்மேல் ஒரு சொட்டும் தங்கவில்லை, யாருடைய சக்கரமும் வழுக்கவில்லை. முதல் வளைவிலேயே ஜெயசிம்மனின் சிவப்புக் கார் சீறிக்கொண்டு முந்திப் போயிற்று. குமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளிங்கிரிதான் அவள் தோளை உலுக்கினான்.

"அம்மணி, அங்க பாரு. அங்க பாரு!"

சிவப்புக் கார் ஒரு சுற்று முழுக்கத் தன்னந்தனியாக, அடுப்புக்குள் விட்ட அப்பளமாக வெந்து, அடுத்த சுற்றில் பாதித் தடத்தில் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, வெள்ளைக் கார் போகும்வரை காத்திருந்து, அதன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் ஒருத்தரும் முந்தவில்லை. முந்த முடியாதவர்கள் அல்ல, அங்கிருந்த எந்தக் காரும் நஸ்ரினை ஒற்றைக் கையால் முந்தியிருக்கும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள், இது எதுவென்று தெரியாமல் அத்தனை பேரும் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு, சாரலில் நனைந்து நனைந்து, ஒரு ஊர்வலமாகச் சுற்றி வந்தார்கள். வளைவுகளில் கொடி பிடிக்கிறவர்கள் அந்த ஊர்வலம் தங்களைக் கடக்கும்போதெல்லாம் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த சுற்றில் முந்திவிடலாம் என்றுதான் இருந்தோம் என்று பிற்பாடு ஒவ்வொருத்தரும் சத்தியம் செய்தார்கள்.

கட்டம்போட்ட கொடி விழுந்தது. வெள்ளைக் கார் முதலில் கோட்டைத் தாண்டியது. ஒலிபெருக்கியில் பேசுகிறவர் நேரத்தைப் படித்துவிட்டு நிறுத்தினார், மறுபடி படித்தார், இந்தத் தடத்தில் இவ்வளவு மெதுவாக யாரும் முதலில் வந்ததில்லை என்றார். குடங்களைத் தட்டிக்கொண்டு தெருவே ஆடியது. குமுதவல்லி வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

ஜெயசிம்மன் அவளைத் தேடி வந்தார். தடத்தோரம் நின்று சாரல் வாங்கியதில் அவர் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "ஏனுங் அம்மணி, என்ன ட்யூனிங் பண்ணுனீங்க?" என்றார்.

"எல்லாரையும் முந்தோணும்னுதான் இத்தன வருசமா ட்யூன் பண்ணிட்டிருந்தேனுங்க" என்றாள் குமுதவல்லி. "என்ற கார விட்டுட்டுப் போக ஒருத்தருக்கும் மனசு வராதுன்னு நெனச்சுக்கூடப் பாக்கலீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். கேட்பதா வேண்டாமா என்று தயங்கினார். பிறகு குரலைத் தணித்து, "இன்னும் ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

குமுதவல்லி ஓடிப்போய் நஸ்ரினுக்குப் பக்கத்து சீட்டில் ஏறினாள். கொடியும் இல்லை, கணக்கும் இல்லை, ருக்மணியின் டெம்போ உட்பட எல்லா வண்டிகளும் பின்னால் கிளம்பின. அவள் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சிவப்புக் காரின் முதுகை மட்டுமே பார்த்துப் பழகியவள் அதன் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். நனைந்துபோய், இரண்டு விளக்கும் எரிய, அது அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.